500 யூனிட்டுக்குள் நிற்பது எப்படி? வீட்டு மின்சாரச் சிக்கனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு சின்னக் குடியிருப்பில் பொதுக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ரீடிங் எடுத்துப் போன மறுநாள் யாராவது ஒருவர் படிக்கட்டில் நிறுத்தி, "சார், இந்தத் தடவை கரண்ட் பில் இப்படி வந்திருக்கே?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விலைகள் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கானவை. மற்ற கணக்குகள் எந்த ஊருக்கும் பொருந்தும்.

யூனிட் யூனிட் என்கிறார்களே, அது என்ன?

1000 வாட் இழுக்கும் ஒரு பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாகவே இருந்தால் ஒரு யூனிட். 10 வாட் பல்ப் 100 மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான்.

ஆக, இரண்டு எண்களைப் பெருக்க வேண்டும்: எத்தனை வாட், எத்தனை மணி நேரம். பெரும்பாலானவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மிக்ஸியைக் கண்டு பயப்படுகிறார்கள். இரண்டாவது எண்ணைப் பார்க்காததால் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் கண்ணில் படுவதே இல்லை.

500 யூனிட்டைத் தாண்டினால் பில் ஏன் அப்படி எகிறுகிறது?

இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2016ல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. அதற்கு மேலே படிப்படியாக விலை ஏறும். 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது வந்த விலையை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜூலையில் அது இன்னும் கொஞ்சம் ஏறியது. இன்றைய விலையை மின்வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏணியின் அமைப்பு புரிவதற்கு இந்த விலையே போதும்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

இப்போது 501 ஆகட்டும். அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் தானே என்று நினைப்போம். அங்கேதான் சங்கதி. 500ஐத் தாண்டியவுடன் 2.25 என்ற அந்த அரை விலைச் சலுகை பறிபோகிறது. 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். பில் 1,958 ரூபாய். ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்!

இன்னும் மேலே போனால் 501 முதல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கு மேல் 11. 700 யூனிட் ஓட்டியவர் கட்டுவது 3,650 ரூபாய். அதாவது கடைசி 200 யூனிட்டுக்கு அவர் கொடுத்த காசு, முதல் 500 யூனிட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டியதைவிட அதிகம்.

இதனால்தான் "எனக்கு எவ்வளவு மிச்சமாகும்?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் இ.பி. கார்டைக் கொண்டுவரச் சொல்வது. 180 யூனிட் ஓட்டும் வீட்டில் 40 யூனிட் குறைத்தால் 90 ரூபாய் மிச்சம். 530 ஓட்டும் வீட்டில் அதே 40ஐக் குறைத்தால் மிச்சம் 525 ரூபாய்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம், மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் அச்சடித்திருக்கும். ஒரு யூனிட் ஓடுவதற்குள் அந்த விளக்கு அத்தனை முறை மினுக்கும் என்பது அதன் பொருள்.

எங்கள் மீட்டரில் 3200. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கீழே போய் கைப்பேசியில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றேன். விளக்கு மினுக்கக் கூடாது. ஆனால் மினுக்கியது, ஏறத்தாழ 45 வினாடிக்கு ஒரு தடவை. 1125ஐ வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும் (3200 மீட்டருக்கு அந்த 1125, 1600 மீட்டருக்கு 2250). 1125ஐ 45ஆல் வகுத்தால் 25 வாட். எல்லாம் அணைந்த வீட்டில் 25 வாட்! மேலே ஓடி வந்து தேடினால், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் செட் டாப் பாக்ஸ், இன்டர்நெட் பெட்டி, என்றைக்கோ வாங்கிய ஸ்பீக்கர் ஒன்று. மூன்றும் கதகதவென்று இருந்தன.

இதே வழியில் ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேன் போட்டால் 15 வினாடிக்கு ஒரு மினுக்கு, அதாவது 75 வாட். கீசர் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் இரண்டு. வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் மாடிக்கும் கீழுக்கும் கத்திக்கொண்டே செய்யலாம். "லைட்டை அணை" என்று நூறு முறை சொல்வதைவிட இது அவர்களுக்கு நன்றாக ஏறுகிறது.

ஃபேனுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பது?

ஏசி இல்லாத வீட்டில் பில்லின் பெரும்பகுதியே ஃபேன்தான். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். 75 என்று வைத்துக்கொள்வோம். மதுரை வெயிலில் ஒரு ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடுவது சர்வசாதாரணம். இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் ஆகிறது. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறைப் பக்கம் என்று நான்கு ஃபேன் என்றால் 270.

பி.எல்.டி.சி. என்று போட்டு விற்கும் ஃபேன்கள் 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன. 30 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். விலை சாதாரண ஃபேனைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாலையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. எது அதிக நேரம் சுற்றுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் அறையில் பழையது கிடக்கட்டும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம் என்பதால் கடையில் ஒப்பிடுவது சுலபம்.

இன்னொரு சௌகரியம்: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பேட்டரி இரட்டிப்பு நேரம் தாங்கும். எங்கள் வீட்டில் அம்மா அந்த ஃபேனை ஏற்றுக்கொண்டது இதற்காகத்தான், யூனிட் கணக்குக்காக அல்ல. ரிமோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுவது மட்டும் தினசரி உபத்திரவம்.

ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் கரண்ட் குறையுமா?

ரெகுலேட்டரைப் பொறுத்தது. சுவிட்ச் போர்டில் பெரிதாக, திருகினால் டக் டக்கென்று விழும், தொட்டால் சுடும் அந்தப் பழைய பெட்டி, ஃபேனுக்குப் போகாத கரண்ட்டில் ஒரு பகுதியைத் தானே சூடாகத் தின்றுவிடும். வேகம் குறையும், பில் அந்த அளவுக்குக் குறையாது. இப்போது வரும் சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் வேகம் குறைந்தால் கரண்டும் குறையும். பி.எல்.டி.சி. ஃபேனைச் சாதாரண ரெகுலேட்டரோடு இணைக்காதீர்கள். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது?

26ல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. எனப்படும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் போட்டவுடன் 24ல் நிற்கும்படி வர வேண்டும் என்று விதி வைத்ததும் இதற்காகத்தான்.

வெளியில் இருந்து வந்தவுடன் 18க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்பது வீண் நம்பிக்கை. சூடான அறையில் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரஸர் தன் முழு பலத்தோடுதான் ஓடும். வித்தியாசம் எங்கே என்றால், 24ஐத் தொட்டதும் அது ஓய்வெடுக்கும். 18 வைத்துவிட்டுத் தூங்கிப்போனால் விடிய விடிய ஓடும், நீங்கள் போர்வையைத் தேடுவீர்கள்.

மாதம் ஒரு தடவை ஏசியின் தூசி வலையைக் கழற்றிக் கழுவுங்கள். வெளியே மாட்டிய பெட்டியின் மூஞ்சிக்கு நேரே துணி காயப்போடாதீர்கள்.

மூன்று ஸ்டார் வாங்கலாமா, ஐந்து ஸ்டாரா?

ஸ்டாரை எண்ணுவதோடு நிறுத்தாமல், அதே ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஸ்டாருக்கான அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவார்கள். 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது ஏசிகள் ஒரு படி இறங்கின; நேற்று வரை ஐந்து ஸ்டாராக இருந்த மாடல் நான்கு ஆனது. கடையில் "ஐந்து ஸ்டார், தள்ளுபடி" என்று பழைய சரக்கைத் தள்ளினால் ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள்.

ஏசி ஸ்டிக்கரின் எண் ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் என்றால் நான்கு, இரண்டு மாதத்தில் 240. இது சராசரி, அக்னி நட்சத்திரத்தில் கூடத்தான் ஆகும். ஏற்கெனவே 400 யூனிட் ஓட்டும் வீடென்றால், இந்த 240ம் அதற்கு மேலே போய் உட்காரும் என்பதை மறக்க வேண்டாம். எனவே தினமும் இரவு ஓட்டுபவர் ஐந்து ஸ்டார் வாங்குவதே லாபம். வருஷத்தில் ஏப்ரல், மே மட்டும் ஓட்டுபவர் மூன்று ஸ்டாரோடு திருப்தி அடையலாம்.

எங்கள் வீடு மேல் மாடி. ஏசி போட்டும் அறை குளிரவில்லையே?

ஏசியைக் குறை சொல்லாதீர்கள், கூரையைப் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகும் பல மணி நேரம் அந்தச் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஏழு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், விளங்கிவிடும்.

பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்தார்கள். அந்தக் கனமே சூட்டைத் தடுத்தது. இப்போது மெல்லிய கான்கிரீட் தளம் போட்டு, தட்டோட்டைக்கூடச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் காசை ஆயுள் முழுக்க மின்வாரியத்துக்குக் கட்டுகிறோம்.

இருக்கும் தளத்துக்குச் செய்யக்கூடியது வெள்ளை அடிப்பது. கூரைக்கென்றே வரும் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட், அல்லது வெள்ளை ஓடு. வெறும் சுண்ணாம்பும் வேலை செய்யும். ஒரே மழையில் போய்விடும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைத் தரையில் தூசு படிந்து பழுப்பானால் பலன் குறையும், எனவே வெயில் காலத்தில் கழுவி விடுங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும் கண்ணாடி வழியாகச் சூடு உள்ளே வந்த பிறகுதான் அது தடுக்கிறது. மூங்கில் தட்டியை வெளியே தொங்கவிடுங்கள். மாலை மூன்றிலிருந்து ஆறு வரை அது செய்யும் உபகாரத்தை எந்தத் திரையும் செய்யாது.

கீசர்தான் பில்லை ஏற்றுகிறது என்கிறார்கள். உண்மையா?

எப்படிக் குளிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.6 யூனிட் தேவை. இது இயற்பியல், எந்தக் கம்பெனி கீசராலும் குறைக்க முடியாது. இன்ஸ்டன்ட் கீசர், வாட்டர் ஹீட்டர் கம்பி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

குறைக்க முடிவது தண்ணீரின் அளவையும் சூட்டையும்தான். ஒரு வாளி, 20 லிட்டர், விளாவிய வெதுவெதுப்பு 40 டிகிரி என்றால் 0.3 யூனிட். நாலு பேர், இரண்டு மாதம்: 72 யூனிட். அதே நாலு பேரும் ஷவரைத் திறந்துவிட்டு ஆளுக்கு 50 லிட்டர் ஊற்றினால் 180. வித்தியாசம் 108 யூனிட்! வாளியும் செம்பும் எங்கள் வீட்டில் இன்னும் ஓய்வு பெறாததற்கு இதுதான் காரணம்.

கீசரின் சூட்டுக் குமிழை 50 டிகிரிக்கு இறக்கி வையுங்கள். குளித்து முடித்ததும் அணையுங்கள். நாள் முழுக்கப் போட்டு வைத்தால், சூடு கசியக் கசிய அது மறுபடி மறுபடி காய்ச்சிக்கொண்டே இருக்கும். சித்திரை மாதம் மேல் தொட்டித் தண்ணீரே கொதிக்கும்போதும் பழக்கதோஷத்தில் கீசர் சுவிட்சைத் தட்டுபவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஃப்ரிட்ஜை ராத்திரி அணைத்து வைக்கலாமா?

கூடாது. காலையில் போட்டதும் இழந்த குளிரை மீட்க அது விட்டதையும் சேர்த்து ஓடும். நடுவே பாலும் மாவும் கெட்டுப்போகும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஆண்டு யூனிட் இருக்கும். அதை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான கணக்கு. 240 என்றால் 40 யூனிட். இது நல்ல ஃப்ரிட்ஜ். பத்துப் பதினைந்து வருஷத்துப் பழசு, கேஸ் குறைந்து கம்ப்ரஸர் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் 120 வாட் வீதம் இரண்டு மாதத்தில் 170 யூனிட்டைத் தாண்டும். புதுசு வாங்கிய பிறகு பழையதை மாடிப்படிக்குக் கீழே வைத்துத் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் ஓட்டுகிற வழக்கம் பல வீட்டில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் விலை உயர்ந்த தண்ணீர். ஒரு மண்பானை வாங்கி வையுங்கள்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜில் கீழ் மூலையில் மட்டும் நோட்டு வழுக்கியது. பார்த்தால் ரப்பரின் மடிப்புக்குள் காய்ந்த தோசை மாவு, சிமென்ட் மாதிரி. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்ததும் கதவு கப்பென்று ஒட்டியது. மெக்கானிக் தேவைப்படவில்லை.

மிக்ஸி, கிரைண்டர்?

விட்டுத்தள்ளுங்கள். 750 வாட் மிக்ஸி சட்னி அரைக்க ஐந்து நிமிடம் ஓடினால் 0.06 யூனிட். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான். அரை மணி நேரம் மாவாட்டினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? எது லாபம்?

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதை முழுக்க எரித்தால் வரும் சூடு யூனிட் கணக்கில் சுமார் 180. ஆனால் கேஸ் அடுப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது, மிச்சம் சமையலறையைக் காய்ச்சுகிறது. இண்டக்‌ஷனில் ஏறத்தாழ 85 சதவீதம் பாத்திரத்துக்குள் இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் சுமார் 140 யூனிட்.

நீங்கள் 4.50 படியில் இருந்தால் 140 யூனிட்டுக்கு 630 ரூபாய். 9 ரூபாய் படியில் இருந்தால் 1,260. உங்கள் சிலிண்டர் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். 300 யூனிட்டுக்குள் ஓட்டும் சின்னக் குடும்பத்துக்கு இண்டக்‌ஷன் நல்லது. ஏசி ஓட்டி 600ல் நிற்பவர் அதோடு இண்டக்‌ஷனையும் சேர்த்தால் கை கடிக்கும். வெயில் காலத்தில் கேஸ், ஏசி ஓடாத மார்கழி, தை மாதங்களில் இண்டக்‌ஷன் என்று மாற்றி மாற்றி ஓட்டும் ஒரு வீடு எங்கள் மாடியில் உண்டு. கெட்டிக்காரர்கள்.

எந்த அடுப்பானாலும் பருப்பை ஊறவைத்துப் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். தண்ணீர் கொதிநிலைக்கு வந்த பிறகு பெருந்தீ வைப்பதால் சாதம் சீக்கிரம் வேகாது. விசில்தான் அதிகம் வரும்.

செல்போன் சார்ஜரை பிளக்கிலேயே விட்டால் கரண்ட் போகுமா?

போகும், கண்ணுக்குத் தெரியாத அளவு. இப்போதைய சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட் அளவில்தான் இழுக்கும். இரண்டு மாதம் விட்டாலும் கால் யூனிட் வராது. இதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். திட்டுவதென்றால் செட் டாப் பாக்ஸைத் திட்டுங்கள். ரிமோட்டில் டிவியை அணைத்தாலும் அது 10 வாட் அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரம், 60 நாள்: 14 யூனிட். டிவியும் பாக்ஸும் ஒரே ஸ்விட்சில் அணையும்படி ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி போதும்.

பிளக்கில் செருகினால் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு "பவர் சேவர்" பெட்டி விற்கிறார்களே?

ஏமாற்று. உள்ளே ஒரு கெபாசிட்டரும் பச்சை விளக்கும் இருக்கும். கெபாசிட்டர் சரிசெய்வது பவர் ஃபேக்டரை, அதாவது லைனில் வரும் கரண்ட்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற அளவை. தொழிற்சாலைகளுக்கு அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அவர்களுக்குப் பயன்படும். வீட்டு மீட்டர் நாம் உண்மையில் செலவழித்த யூனிட்டைத்தான் எண்ணுகிறது; அது இந்தப் பெட்டியால் குறையாது. அந்தப் பச்சை விளக்கு எரிவதற்கு ஆகும் கரண்ட் கூடுதல்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். என்ன செய்வது?

நானும் ஆறு வருஷம் அப்படிக் கட்டியவன். உள்ளே ஒரு சப் மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் ஓடும்போது மொத்த யூனிட் 500ஐத் தாண்டிவிடுவதால், வீட்டுக்காரர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கும். ஆனால் உங்கள் பங்குக்கு வர வேண்டிய 100 இலவச யூனிட் காணாமல் போகிறது. தனி சமையலறை, தனி வாசல் உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்பு வாங்கித் தரக் கேளுங்கள். குடிபோகும் முன்பே கேட்பது நல்லது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் கிடைப்பது ஒரு சிரிப்புதான்.

எங்கள் அடுக்ககத்தில் பொது மீட்டருக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

மோட்டார், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் இவை ஓடும் பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. 2022ல் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு, பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023ல் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். உங்கள் குடியிருப்பு இந்தக் கணக்கில் வந்தும் பழைய விலையிலேயே பில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மோட்டார். ஒன்றரை குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஒன்றே கால், ஒன்றரை யூனிட் இழுக்கும். ஒரு வருஷம் எங்கள் பொது பில் சம்பந்தமில்லாமல் ஏறியது. எட்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், ஊரே நிசப்தமாக இருந்தபோது சம்ப்புக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேல் தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு தேய்ந்துபோனதால், அதே குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே திரும்பிக்கொண்டிருந்தது. காலையில் தொட்டி காலி, மறுபடி மோட்டார். ஒரே தண்ணீரை எத்தனை மாதம் ஏற்றி ஏற்றி இறக்கினோமோ!

கூரையில் சோலார் போட்டால் பில் ஜீரோ ஆகுமா?

ஆகலாம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம்.

இரண்டு விஷயத்தை விற்க வருபவர் சொல்லமாட்டார். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இன்னொன்று, 200 யூனிட்டுக்குள் ஓட்டுபவருக்குப் போட்ட காசு திரும்ப வர ரொம்ப காலம் ஆகும். 600, 700 ஓட்டும் வீடுதான் சோலாருக்குச் சரியான வீடு. போடும் முன் ஃபேனையும் கூரையையும் கவனித்துவிட்டால் சின்ன பேனலே போதுமானதாகிவிடும்.

எதையும் புதிதாக வாங்கவில்லை. ஆனாலும் பில் இரட்டிப்பாகிவிட்டதே?

முதலில் இரண்டு ரீடிங்குக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 60 நாளுக்குப் பதில் 68 நாள் கழித்து வந்திருந்தால் அந்த எட்டு நாளே உங்களை 500க்கு மேலே தள்ளியிருக்கும். அடுத்து, போன தடவை வீடு பூட்டியிருந்து உத்தேசமாகக் கணக்கு எழுதினார்களா என்று பாருங்கள். மிச்சம் இந்தத் தடவை சேர்ந்து வரும்.

அதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன மினுக்கு விளக்குச் சோதனை. எல்லாவற்றையும் அணைத்தும் விளக்கு வேகமாக மினுக்கினால், மெயினையும் அணைத்துப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால் கசிவு உங்கள் வயரிங்கில்தான். ஈரச் சுவர், கீசர் காயில், தோட்டத்து விளக்கு என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். இது பில் சமாசாரம் மட்டுமல்ல, ஷாக் அடிக்கும் ஆபத்தும் கூட, தள்ளிப்போடாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் மினுக்கினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து யாரோ எடுக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டினால் மீட்டரைச் சோதிப்பார்கள். போகும்போது இ.பி. கார்டையும், ஒரு வாரம் தினமும் காலை ஒரே நேரத்தில் எடுத்த ரீடிங் போட்டோக்களையும் கையோடு கொண்டுபோங்கள்.